பழைய போனிலும் திறக்கும் புதிய இணையப் பக்கம்: பர்மாத் தமிழர் அமைப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் கோயிலுக்கு, தமிழ்ப் பள்ளிக்கு, இளைஞர் சங்கத்துக்கு என்று இணையப் பக்கம் செய்ய நம் பிள்ளைகள் முன்வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறையில்லை. ஆனால் பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். லேப்டாப்பில் புதிய குரோமில் பக்கம் அழகாக இருக்கும். அதே பக்கம் பெரியப்பாவின் ஆறு வருடப் பழைய போனில் சிதறிக் கிடக்கும், அல்லது திறக்கவே திறக்காது.

காரணம் திறமைக் குறைவு இல்லை, வேலைகளைச் செய்யும் வரிசைதான். பிரவுசர்கள் மாதம் தவறாமல் மாறிக்கொண்டிருக்கின்றன, போன்கள் அப்படி மாறுவதில்லை. இந்த இடைவெளியை முதலிலேயே கணக்கில் எடுத்தால் புதிய வசதிகளையும் தைரியமாகப் பயன்படுத்தலாம். தமிழிலும் பர்மியத்திலும் போடும் ஒரு கோயில் திருவிழா அறிவிப்புப் பக்கத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு லேப்டாப், அதில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும். வீட்டிலோ உறவினரிடமோ இரவல் வாங்கிய பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று, இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. டேட்டா போகும் யுஎஸ்பி கேபிள். கடையில் கிடைக்கும் மலிவான கேபிள்களில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், போனைக் கம்ப்யூட்டருக்குக் காட்டாது. இதை முதலிலேயே சோதித்து வையுங்கள்.

கமிட்டி ஒப்புக்கொண்ட அறிவிப்பு இரண்டு மொழியிலும் எழுத்தில் வேண்டும். பூஜை நேரம், அன்னதான நேரம், தொடர்பு எண் எல்லாம் முடிவான பிறகே வேலையைத் தொடங்குங்கள். "அப்புறம் தருகிறோம்" என்று சொன்னால் காத்திருங்கள். இடம் நிரப்ப மாதிரி வரிகளைப் போட்டு வடிவமைத்த பக்கம், உண்மையான நீளத்துக்குத் தமிழும் பர்மியமும் வந்து உட்காரும்போது உடையும்.

1. யார் கையில் என்ன போன் என்று கேளுங்கள்

கமிட்டித் தலைவரின் புதுப் போனை அளவுகோலாக வைக்காதீர்கள். திருவிழா நேரத்தைத் தேடிப் பார்ப்பவர்களில் அம்மாக்களும் தாத்தாக்களும் வெளியூர்க்காரர்களும் அதிகம். ஒரு பத்துப் பேரிடமாவது வைபரில் ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்: செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பு, குரோமில் "அபவுட் குரோம்" பக்கம். "என்ன போன்?" என்று மட்டும் கேட்டால் கம்பெனிப் பெயர்தான் பதிலாக வரும். அது எதற்கும் உதவாது.

பதிப்பு எண் ஏன் முக்கியம்? பழைய ஆண்ட்ராய்டுகளுக்குப் புதிய குரோம் வருவது நின்றுவிடுகிறது. ஆண்ட்ராய்டு 6க்குக் கடைசியாக வந்தது குரோம் 106. ஆண்ட்ராய்டு 7க்கு 119. ஆண்ட்ராய்டு 8க்கும் 9க்கும் 138, அது 2025இல் வந்தது. இந்தப் போன்களில் பிளே ஸ்டோர் "அப்டேட்" என்று எதையும் காட்டாது. போன் வைத்திருப்பவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைப்பார்.

ஐபோனில் சஃபாரி, ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருகிறது. ஐபோன் 6 ஐஓஎஸ் 12இல் நின்றுவிட்டது, ஐபோன் 7 ஐஓஎஸ் 15இல். நம் ஊரில் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது, பக்கத்தை வரைந்து காட்டும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். அதனால் "வேறு பிரவுசர் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற யோசனை அங்கே பலிக்காது.

கூகுள் சேவை இல்லாத ஹுவாவே போன்களையும் மறக்காதீர்கள். அவற்றில் திறப்பது பெரும்பாலும் ஹுவாவேயின் சொந்த பிரவுசர்.

2. கீழ் எல்லையை எழுதி வையுங்கள்

வந்த பதில்களைப் பார்த்து ஒரே ஒரு வரி எழுதுங்கள். உதாரணமாக: "குரோம் 119, சஃபாரி 15. இதற்குக் கீழே அழகு போகலாம், செய்தி போகக்கூடாது." இந்த வரியைத் திட்டத்தின் முதல் கோப்பில் வையுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு விவாதமும் இதனால் சுருங்கும்.

இங்கேதான் புதியவர்கள் "பேஸ்லைன்" என்ற குறியைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு வசதி குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நான்கிலும் வந்தவுடன் அது "புதிதாகக் கிடைப்பது" என்ற நிலையை அடைகிறது. அதிலிருந்து 30 மாதம் கழித்து "பரவலாகக் கிடைப்பது" ஆகிறது. மிகவும் உபயோகமான குறிதான், ஆவணங்களில் தேடித் திரியும் வேலையை நிறையக் குறைத்துவிட்டது. ஆனால் அது எண்ணுவது வசதி வெளியான காலத்தை. உங்கள் பெரியம்மாவின் போன் அப்டேட் ஆனதா என்பதை அது எண்ணுவதில்லை.

ஒரு நேரடி உதாரணம் பாருங்கள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், விதிக்குள் விதி எழுதும் நெஸ்டிங் வசதி 2023 டிசம்பரில் எல்லாப் பிரவுசர்களிலும் வந்து சேர்ந்தது. குரோமில், உள்விதிக்கு முன் தனிக் குறி கேட்காத அதன் தளர்வான வடிவம் 120ஆம் பதிப்பில் வந்தது. ஆண்ட்ராய்டு 7 நிற்பது 119இல். ஒரே ஒரு பதிப்பு வித்தியாசம், எத்தனை மாதம் போனாலும் அந்தப் போனில் அது வரப்போவதில்லை. ஆகவே பேஸ்லைனை முதல் வடிகட்டியாகவும், உங்கள் எல்லை வரியை இரண்டாவது வடிகட்டியாகவும் வையுங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

3. வெறும் ஹெச்டிஎம்எல்லில் முழு அறிவிப்பையும் முடியுங்கள்

ஹெச்டிஎம்எல் என்பது பக்கத்தின் எழுத்தையும் அமைப்பையும் குறிக்கும் மொழி. நிறம், அனிமேஷன், மெனு எதுவும் வேண்டாம். தலைப்பு, தேதி, நேரப் பட்டியல், முகவரி, போன் எண். அவ்வளவுதான். தலைப்புக்குத் தலைப்புக் குறி, பட்டியலுக்குப் பட்டியல் குறி, நிகழ்ச்சி நிரலுக்கு அட்டவணைக் குறி போடுங்கள். எல்லாவற்றையும் பொருள் சொல்லாத வெறும் பெட்டிகளான "டிவ்"களாக அடுக்க வேண்டாம்.

இதற்குக் காரணம், மேலே போடும் எந்த அடுக்கு விழுந்தாலும் இது நிற்கும் என்பது. இன்னொன்றும் இருக்கிறது. கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர்கள் நம்பியிருப்பது இந்தக் குறிகளைத்தான். 2025இல் வெளிவரத் தொடங்கிய ஏஐ பிரவுசர்களும் பக்கத்தைப் புரிந்துகொள்ள இதே கட்டமைப்பைப் பயன்படுத்துகின்றன. "நாளைக்கு தீமிதி எத்தனை மணிக்கு?" என்று ஒருவர் பிரவுசரிடமே கேட்கும் காலம் வந்துகொண்டிருக்கிறது. நேரத்தைப் படமாகப் போட்டுவிட்டால் பதில் தவறலாம்.

ஆமாம், படம். கமிட்டி அச்சடித்த நோட்டீஸைப் போட்டோ எடுத்து அப்படியே ஏற்றுவது நம்மிடம் பரவலான பழக்கம். படத்தை வையுங்கள், ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் எழுத்தாகவும் பக்கத்தில் இருக்கட்டும்.

4. தமிழையும் பர்மியத்தையும் ஒன்றாக உட்கார வைப்பது

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது, நம் ஊரில் பக்கம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நம் இளையவர்கள் பலர் தமிழ் பேசுவார்கள், படிப்பதோ பர்மியத்தில். ஆகவே இரண்டு எழுத்தும் சமமாகத் தெரிய வேண்டும்.

முதலில் ஒவ்வொரு பகுதிக்கும் மொழிக் குறி போடுங்கள்: தமிழுக்கு "டிஏ", பர்மியத்துக்கு "எம்ஒய்". எழுத்துரு தேர்வு, வரி மடிப்பு, உச்சரிப்பு எல்லாம் இதைப் பார்த்துத்தான் நடக்கும். பக்கம் முழுவதற்கும் ஒரே மொழிக் குறி போட்டு விட்டுவிடுவது அடிக்கடி காணும் தவறு.

அடுத்தது ஸாஜி சிக்கல். கம்ப்யூட்டர்கள் எழுத்துகளுக்குக் கொடுக்கும் பொது எண்முறையான யூனிகோடில் உள்ள பர்மிய எண்களையே வேறு விதமாகப் பயன்படுத்தும் பழைய எழுத்துரு முறை அது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடு யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்தது. ஆனாலும் பழைய போன்கள் சிலவற்றில் போனின் எழுத்துருவே ஸாஜியாக இருக்கிறது. அங்கே உங்கள் சரியான பர்மிய வரி குலைந்து தெரியும். இதற்கு மருந்து, எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புவது. நோட்டோ சான்ஸ் மியான்மர் அல்லது படௌக், தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்று வையுங்கள். பிரவுசர் தாவலில் தெரியும் தலைப்பு மட்டும் போனின் சொந்த எழுத்துருவில்தான் வரும். அதனால் தலைப்பில் தமிழை முதலில் வையுங்கள்.

எழுத்துருக் கோப்பை உங்கள் தளத்திலேயே வையுங்கள், வேறொரு தளத்திலிருந்து இழுக்காதீர்கள். முன்பு எல்லாத் தளங்களும் ஒரே பொதுக் கோப்பைப் பகிர்ந்தால் ஒரு முறை இறங்கினால் போதும் என்ற லாபம் இருந்தது. 2020இல் குரோம் 86 தளத்துக்குத் தளம் தனித்தனிச் சேமிப்பு என்று மாற்றிவிட்டது. இப்போது அந்த லாபம் இல்லை, இணைப்பு அறுந்தால் இழப்பு மட்டும்தான் மிச்சம்.

எழுத்துருவின் அளவைக் குறைக்க அதை வெட்டும் கருவிகள் உண்டு. வெட்டும்போது பலர் எழுத்துகளை மட்டும் வைத்து, அவை சேரும் விதிகளைத் தொலைத்துவிடுவார்கள். வெட்டிய பிறகு இந்த வரியை ஒரு முறை திரையில் பாருங்கள்: "கு கூ டு டூ து னை லை கொ கோ கௌ ஸ்ரீ க்ஷ". ஒன்று உடைந்தாலும் வெட்டு தவறு.

வரி இடைவெளியை 1.8 அளவுக்குத் தாராளமாக விடுங்கள். பர்மிய எழுத்து கீழேயும் அடுக்கிக்கொண்டு போகும், பொத்தானுக்கு நிலையான உயரம் கொடுத்தால் வால் வெட்டுப்படும். பர்மியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி போடும் வழக்கம் இல்லாததால் பிரவுசர் அகராதியை வைத்து ஊகித்து வரியை மடிக்கிறது. தெரு, ஊர்ப் பெயர்களில் அந்த ஊகம் தவறும். அங்கே "டபிள்யூபிஆர்" குறியை நீங்களே போட்டு, மடிக்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

நன்கொடையாளர் பெயர் தேடும் பெட்டி வைக்கப் போகிறீர்களா? அப்படியானால் இன்னும் மூன்று. ஒன்று, "கோ" போன்ற எழுத்தை ஒரே குறியாகவும் இரண்டு துண்டாகவும் சேமிக்க முடியும். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும், துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். இரண்டு, "கௌரி" என்பதை "கெளரி" என்று ளகரம் போட்டு அடிப்பவர்கள் ஏராளம். இதை எந்தத் தானியங்கி மாற்றமும் சரிசெய்யாது, தேடலில் நீங்களே இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டும். மூன்று, பர்மியத்தில் அடித்தது ஸாஜியா யூனிகோடா என்று கண்டுபிடிக்கக் கூகுள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் நிரல் இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை எண்ண வேண்டிய இடமும் வரும். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை, பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும், நமக்கு அது 3. இதைச் சரியாக எண்ணும் "இன்டெல் செக்மென்டர்" (Intl.Segmenter) குரோமில் 2020இலேயே வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில்தான் வந்தது. "ஸ்ரீ"யை அதுவும் இரண்டாகத்தான் எண்ணும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

5. புதிய வசதிகளை மேலடுக்காகச் சேருங்கள்

இப்போதுதான் அழகு வேலை. ஒவ்வொரு புதிய வசதிக்கும் ஒரே கேள்வி: இது இல்லாத பிரவுசரில் என்ன நடக்கும்?

ஒன்றும் நடக்காது என்றால் தயங்காமல் போடுங்கள். தலைப்பு வரிகளைச் சமமாகப் பிரிக்கும் "டெக்ஸ்ட் ராப் பேலன்ஸ்", பக்கம் மாறும்போது மென்மையாக நழுவும் "வியூ டிரான்சிஷன்" இரண்டும் இந்த வகை. பழைய போனில் அவை வெறுமனே இருக்காது, அவ்வளவுதான்.

அழகு கொஞ்சம் குறையும் என்றால், வசதி இருந்தால் மட்டும் இயங்கும் சிஎஸ்எஸ்ஸின் "சப்போர்ட்ஸ்" விதிக்குள் போடுங்கள். பெட்டியின் அகலத்தைப் பார்த்து வடிவம் மாற்றும் கன்டெய்னர் குவெரி ஐஓஎஸ் 15இல் இல்லை. ஆகவே முதலில் ஒரே நெடுவரிசையாக எழுதி, வசதி இருந்தால் மட்டும் இரண்டு நெடுவரிசையாக விரியும்படி செய்யுங்கள்.

செய்தியே மறைந்துபோகும் என்றால் அந்த வசதி வேண்டாம், பழைய வழியைத் தேடுங்கள். தட்டினால் மேலே எழும் "பாப்ஓவர்" பெட்டிக்குள் அன்னதான நேரத்தை வைப்பதைவிட, பல வருடமாக இருக்கும், தட்டினால் விரியும் "டீடெய்ல்ஸ்" குறிக்குள் வைப்பது எவ்வளவோ மேல்.

"சப்போர்ட்ஸ்" எப்போதும் முழு உண்மையைச் சொல்லாது. நெஸ்டிங்கையே எடுங்கள். குரோம் 119இடம் கேட்டால் "இருக்கிறது" என்று சொல்லும், ஆனால் குறிப்பெயரில் நேரடியாகத் தொடங்கும் உள்விதியைப் புறக்கணித்துவிடும். உள்விதி ஒவ்வொன்றையும் "ஆம்பர்சண்ட்" (&) குறியோடு தொடங்குங்கள். அல்லது அடுத்த படியில் சொல்லும் கருவியிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

6. காவல் வேலையைக் கருவிகளிடம் கொடுங்கள்

எல்லை வரியை, எந்தப் பிரவுசர்களுக்கு என்று கருவிகளுக்குச் சொல்லும் "பிரவுசர்ஸ்லிஸ்ட்" அமைப்பில் எழுதுங்கள். "லைட்னிங் சிஎஸ்எஸ்" அந்த எல்லையை வாங்கிக்கொண்டு, நெஸ்டிங் போன்றவற்றைப் பழைய பிரவுசருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தரும். நிரலில் தவறு தேடும் "ஈஎஸ்லிண்ட்" கருவியின் சிஎஸ்எஸ் பகுதியில் பேஸ்லைனைச் சரிபார்க்கும் விதி உண்டு, அதையும் இயக்குங்கள். நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில் ஒரு சிஎஸ்எஸ் பண்பின் மேல் சுட்டியை வைத்தாலே அதன் பேஸ்லைன் நிலை தெரிகிறது.

ஏஐ உதவியோடு எழுதுபவர்கள் எல்லை வரியைக் கேள்வியின் முதலிலேயே கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது யாருக்காக எழுதுகிறது என்று அதற்குத் தெரியாது, மிகப் புதிய வழியைத் தயங்காமல் எழுதித் தரும்.

7. கரண்டும் நெட்டும் போகும் நேரத்துக்குத் தயாராகுங்கள்

ஒரு முறை திறந்த பக்கம் நெட் இல்லாமலும் திறக்க பின்னணியில் ஓடிச் சேமித்ததைக் கொடுக்கும் "சர்வீஸ் ஒர்க்கர்" நிரல் வேண்டும். இதற்குப் பாதுகாப்பான இணைப்பான ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம், உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் லோக்கல்ஹோஸ்டில் சோதிக்கும்போது மட்டும் விலக்கு உண்டு.

எழுத்துரு, சிஎஸ்எஸ், படம் ஆகியவற்றுக்குச் "சேமித்ததை முதலில் கொடு" என்ற முறை. அறிவிப்புப் பக்கத்துக்கு மட்டும் "நெட்டில் கேள், கிடைக்காவிட்டால் சேமித்ததைக் கொடு" என்ற முறை. எல்லாவற்றையும் முதல் முறையில் போடுவதுதான் நான் பார்த்த தவறுகளில் மிகவும் கெடுதலானது. கமிட்டி பூஜை நேரத்தை மாற்றியிருக்கும், பக்தர் போனில் பழைய நேரமே நிற்கும், குடும்பத்தோடு வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். பக்கத்திலேயே "கடைசியாக மாற்றியது" என்று தேதியும் நேரமும் போடுங்கள்.

சேமிப்புக்குப் பதிப்புப் பெயர் வைத்து, புதிய பதிப்பு வந்ததும் பழையதை அழியுங்கள். இரண்டு வரம்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். சஃபாரியில் 7 நாள் சஃபாரியைப் பயன்படுத்தியும் உங்கள் தளத்தைத் தொடாமல் இருந்தால் இந்தச் சேமிப்பு அழிக்கப்படும், முகப்புத் திரையில் சேர்த்த பக்கத்துக்கு அது பொருந்தாது. ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே திறந்து சேமித்தது குரோமுக்குத் தெரியாது, இரண்டும் வெவ்வேறு கிடங்கு. நம்மவர்கள் பெரும்பாலும் இணைப்பைத் தொடுவது ஃபேஸ்புக்கில் என்பதால் "குரோமில் திறக்கவும்" என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது.

8. கேபிள் போட்டு, உண்மையான போனில் சோதியுங்கள்

குரோமின் சோதனைக் கருவிப் பெட்டியான டெவ்டூல்ஸில் போன் படம் போட்ட பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு "மொபைலில் சோதித்தாயிற்று" என்று சொல்பவர்கள் அதிகம். அது திரை அளவையும் தொடுதலையும் மாற்றிக் காட்டுகிறது. உள்ளே ஓடுவது உங்கள் லேப்டாப்பின் புதிய எஞ்சினேதான். குரோம் 119இன் குறை எதுவும் அதில் தெரியாது.

போனில் செட்டிங்ஸில் "பில்ட் நம்பர்" வரியை ஏழு முறை தட்டுங்கள், டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளை இணைத்து, போன் திரையில் வரும் அனுமதிக் கேள்விக்குச் சரி சொல்லுங்கள். லேப்டாப் குரோமின் "இன்ஸ்பெக்ட்" (chrome://inspect) பக்கத்தில் போனில் திறந்த தாவல்கள் தெரியும். அங்கேயே "போர்ட் ஃபார்வர்டிங்" செய்தால் லேப்டாப்பின் லோக்கல்ஹோஸ்ட் போனிலும் திறக்கும், சர்வீஸ் ஒர்க்கரும் வேலை செய்யும். பக்கத்தை வெளியிடாமலே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். இரவல் போனைத் திருப்பிக் கொடுக்கும் முன் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள்.

வேகத்துக்கு டெவ்டூல்ஸில் உள்ள லைட்ஹவுஸ் சோதனையை ஓட்டுங்கள். மொத்த மதிப்பெண்ணைத் துரத்த வேண்டாம், முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிகிறதா, ஏற்றும்போது வரிகள் குதிக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு போனில் வைஃபையை அணைத்து, மாலை நேரத்தில் மொபைல் டேட்டாவில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

9. மேக் இல்லாமல் ஐபோனைக் கவனிப்பது

சஃபாரியின் உள் கருவிகளைப் பார்க்க மேக் வேண்டும், நம்மில் பலரிடம் அது இல்லை. மைக்ரோசாஃப்டின் "பிளேரைட்" என்ற சோதனைக் கருவி விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் ஒரு வெப்கிட்டைத் தருகிறது. அது சஃபாரியே இல்லை, ஆனாலும் தளவமைப்புக் குறைகள் பெரும்பாலும் அதில் பிடிபடும். கடைசியாக ஒரு பழைய ஐபோன் வைத்திருப்பவரிடம் இணைப்பை அனுப்பி, மேலிருந்து கீழ் வரை வீடியோவாகப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள்.

10. எல்லையை எப்போது உயர்த்துவது

ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன் முதல் படியைத் திரும்பச் செய்யுங்கள். போன்கள் மாறியிருக்கும். எல்லை வரியில் உள்ள பதிப்பு யார் கையிலும் இல்லை என்று தெரிந்த பிறகே அதை உயர்த்துங்கள், பேஸ்லைன் மாறிவிட்டது என்பதற்காக உயர்த்த வேண்டாம்.

குரோமின் பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட் என்ற மூன்று எஞ்சின்களோடு புதியவையும் வளர்ந்துவருகின்றன. சர்வோ என்ற எஞ்சின், லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஐரோப்பா என்ற அமைப்பின் கீழ் வளர்கிறது. லேடிபேர்ட் என்ற இன்னொன்று தன் முதல் ஆல்ஃபா வெளியீட்டுக்கு 2026ஐக் குறித்திருக்கிறது. இவற்றுக்கென்று இப்போது தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. பிரவுசரின் பெயரைக் கேட்டுப் பாதை பிரிக்கும் நிரல் உங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் அதை எடுத்துவிட்டு, வசதி இருக்கிறதா என்று கேட்கும்படி மாற்றுங்கள். பெயர் தெரியாத பிரவுசர் வந்தால் முதலில் உடைவது அந்த நிரல்தான்.

தளத்தின் கடவுச்சொல், டொமைன் புதுப்பிக்கும் தேதி, எல்லை வரி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கமிட்டிச் செயலாளரிடம் கொடுங்கள். அடுத்து அந்த வேலையை எடுக்கப்போகும் தம்பியோ தங்கையோ முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.